மூன்று குவியல்

ஒரு சின்னக் கணக்கு. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இருப்பதோ ஒரே ஒரு துண்டு கேக். சண்டை வராமல் எப்படிப் பங்கு போடுவீர்கள்?

அனுபவமுள்ள அம்மாக்களுக்கு விடை தெரியும். ''நீ வெட்டு... அவன் முதல்ல எடுத்துக்கட்டும்!''

அவ்வளவுதான். கத்தியைக் கையில் வாங்கிய பயல், தச்சு ஆசாரி தோற்றான் என்கிற மாதிரி அளந்து அளந்து வெட்டுவான். பெரிய துண்டு என்று ஒன்று இருந்தால் அது தம்பிக்குத்தான் போகும் என்று அவனுக்குத் தெரியுமே!

இதே வித்தையை நூறு வருடங்களுக்கு முன்னால் மன்னார் வளைகுடாவின் முத்துக் கரைகளில் வெள்ளைக்கார சர்க்கார் செய்துகொண்டிருந்தது. முத்துக்குளிப்பு சீஸனில் படகுகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். ஐந்து பாகத்திலிருந்து பத்து பாகம் வரை ஆழம். காலில் ஒரு கனத்த கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் ஒரு வலைப்பை. ஒரு நிமிடம், அதற்குச் சற்று மேல்... அதற்குள் கைக்குக் கிடைத்த சிப்பிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றை ஆட்டவேண்டும். மேலே இருப்பவன் இழுப்பான். அவன் கொஞ்சம் அசந்தால் கதை முடிந்தது. சுறா பயம் வேறு. அதற்காகவே 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். மந்திரம் போட்டு சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் மந்திரம் சொல்லாமல் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். சர்க்காருக்கு மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அவருக்கு உரியதைக் கொடுத்துவிடுவது லாபம் என்று தெரிந்திருந்தது.

மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் படகுகள் கரைக்குத் திரும்பும். சிப்பிகளை மூட்டை மூட்டையாகச் சுமந்துவந்து சர்க்கார் கொட்டடியில் கொட்டுவார்கள். இங்கேதான் விஷயம். அந்தச் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். பிரிக்கிறவர் அதிகாரி இல்லை. கடலில் மூழ்கியவர்களே பிரிக்கவேண்டும். பிரித்து முடித்ததும் அதிகாரி வருவார். ஒரு குவியலைக் காட்டி, 'இது உங்களுடையது' என்பார். மற்ற இரண்டும் சர்க்காருக்கு.

அதே கேக்... அதே கத்தி!

நியாயமா இது? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்று. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மூன்றில் இரண்டு. அந்த மூன்றில் ஒன்றும் முழுசாக அவனுக்கில்லை. படகுக்காரருக்கு, கயிறு பிடித்தவனுக்கு என்று பங்கு போகும். இலங்கைப் பக்கம் 1905-ல் நடந்த ஒரே ஒரு முத்துக்குளிப்பில் சர்க்கார் பார்த்த வருமானம் இருபத்தைந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து இருபத்தைந்து லட்சம்!

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பங்கின் 'அளவு' அநியாயம் என்று சொல்லலாம். பங்கு போடும் 'முறை'யைக் குறை சொல்ல வழியே இல்லை. 'என் குவியலில் குறைத்துவிட்டான்' என்று எவனும் புலம்ப முடியாது. குவித்ததே அவன்தானே! மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது அதிகாரிக்கும் தெரியாது, மூழ்கினவனுக்கும் தெரியாது. நூறு சிப்பியைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. நூற்றியொன்றாவது சிப்பியில் ஒரு வீடே இருக்கலாம்.

'எவ்வளவு கிடைத்தது' என்பது ஒரு நியாயம். 'எப்படி முடிவு செய்தார்கள்' என்பது இன்னொரு நியாயம். இரண்டும் வேறு வேறு என்று மனோதத்துவக்காரர்கள் கண்டுபிடித்துப் புத்தகம் போட்டது 1970-களில்தான். திபோ, வாக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1975-ல் எழுதினார்கள். கோர்ட்டில் தோற்றுப்போனவன்கூட, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கிடைத்திருந்தால் தீர்ப்பை ஓரளவு ஏற்றுக்கொள்கிறான் என்பது அவர்கள் கட்சி. நம் சிப்பிக் குவியலை அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை!

இனி என் கதை கொஞ்சம்.

பி.காம். முடித்த கையோடு ஒரு கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு சீனியர்கள். ஒரே வேலை, ஒரே சர்வீஸ். அந்த வருஷம் இரண்டு பேருக்கும் கவரில் வந்த போனஸும் ஒன்றுதான். ஒருவர் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்து, ''பரவாயில்லப்பா... தீபாவளிக்கு ஆச்சு'' என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் எண்ணவே இல்லை. கவரைத் தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டு, ''எந்தக் கணக்குல இந்தத் தொகை வந்துச்சு? யாரு போட்டா? அதைச் சொல்லச் சொல்லு'' என்று ஆரம்பித்தார். சாயங்காலம் மேனேஜர் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: ''அவன் சுபாவமே அப்படிப்பா. எதைக் கொடுத்தாலும் குறை சொல்வான்.''

நாங்களும் சிரித்தோம். இருபத்து மூன்று வயதில் மேனேஜர் சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

'அவன் சுபாவமே அப்படி...' இந்த ஒரு வரியை உங்கள் ஆபீஸிலும் கேட்டிருப்பீர்கள். இதில் ஒரு வசதி உண்டு. ஒருவனுடைய புகாரை அவனுடைய குணமாக மாற்றிவிட்டால் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஃபைலை மூடிவிடலாம்.

சரி, மேனேஜர் சொன்னது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. அதுதான் சிக்கலே! பணியிட நியாயம் பற்றி ஏராளமான ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. சட்டென்று கவலைப்படுகிற, மனம் அலைபாய்கிற சுபாவக்காரர்கள் தங்கள் ஆபீஸை 'நியாயமில்லாத இடம்' என்று சொல்வது சற்று அதிகம். இணங்கிப் போகிற சுபாவக்காரர்கள் அதே ஆபீஸை 'பரவாயில்லை' என்பார்கள். 1987-ல் ஹ்யூஸ்மன் என்பவரும் கூட்டாளிகளும் மனிதர்களை மூன்று ரகமாகவே பிரித்தார்கள். கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் நிம்மதியாக இருப்பவர்கள், தராசுத் தட்டு சமமாக நிற்கவேண்டும் என்பவர்கள், எனக்கு அதிகம் வரவேண்டும் என்பவர்கள். உங்கள் சொந்தக்காரர்களை இந்த மூன்று டப்பாவிலும் போட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். (நம்மை எந்த டப்பாவில் போடுவது என்பதில்தான் தகராறு வரும்.)

ஜெர்மனிக்காரர் மான்ஃப்ரெட் ஷ்மிட் இன்னும் ஒருபடி மேலே போனார். அநியாயத்தைக் கண்டால் கொதிக்கிற குணம் ஒன்றே ஒன்று இல்லை, அதில் பல ரகம் இருக்கிறது என்றார் அவர். தனக்கு நடந்தால் மட்டும் கொதிக்கிறவர்கள் ஒரு ரகம். அடுத்தவனுக்கு நடந்தாலும் கொதிக்கிறவர்கள் வேறு ரகம். தனக்கு அதிகமாகக் கிடைத்துவிட்டால் தூக்கம் வராமல் தவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நம்புங்கள், இருக்கிறார்கள்!

இந்த இரண்டாவது ரகத்து ஆசாமி ஒருவரைப் பார்க்க மறுபடி தூத்துக்குடிக்கே போகவேண்டும்.

அதற்கு முன் முத்துக் கரையில் ஒரு நிமிடம். சர்க்கார் கணக்கில் எவ்வளவு கச்சிதம் இருந்தாலும் ஒரு ஓட்டை இருந்தது. படகிலேயே சிப்பியைத் திறந்து, முத்தை வாயில் போட்டு விழுங்கிவிடுவது! காவலுக்கு ஆள் போட்டார்கள், படகில் ஏறிச் சோதனை செய்தார்கள்... நிற்கவில்லை. திருட்டுத்தான். ஆனால் வெறும் திருட்டு மட்டும்தானா?

அமெரிக்காவில் ஜெரால்ட் கிரீன்பெர்க் என்பவர் 1990-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரே கம்பெனியின் மூன்று தொழிற்சாலைகள். ஆர்டர் குறைந்ததால் இரண்டில் பத்து வாரத்துக்கு 15 சதவிகிதம் சம்பளம் வெட்டு. ஒன்றில் மேலதிகாரி வந்து கணக்கு வழக்கைக் காட்டி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, வருத்தம் தெரிவித்தார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் 'வெட்டு' என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார். சம்பளம் வெட்டப்பட்ட இரண்டு இடத்திலும் சாமான் திருட்டு ஏறியது. ஆனால் கால் மணி நேரத்தில் கதையை முடித்த இடத்தில் எகிறியது! அங்கே வேலையை விட்டுப் போனவர்களும் அதிகம். பத்து வாரம் முடிந்து பழைய சம்பளம் வந்ததும் திருட்டும் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

ஆக, அந்தத் தொழிலாளிகள் பிறவித் திருடர்கள் இல்லை. ஆள் மாறவில்லை, சுபாவம் மாறவில்லை. நடத்திய விதம் மட்டும்தான் மாறியது.

இப்போது 1908. தூத்துக்குடி.

ஹார்வி சகோதரர்களின் கோரல் மில். நூற்பாலை. விடியும் முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரலாம். வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. சின்னப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். தாமதமாக வந்தாலோ, தவறு நடந்தாலோ அடி உண்டு. இதெல்லாம் 1908-ல் திடீரென்று முளைத்ததல்ல. வருஷக்கணக்காக நடந்தது. தொழிலாளிகளும் வருஷக்கணக்காக வாயைத் திறக்காமல் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஹார்வி மேனேஜர்கள் இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? 'இந்த ஊர் ஆட்கள் சாதுவான சுபாவக்காரர்கள். திருப்தியாக இருக்கிறார்கள்!' மௌனத்தைத் திருப்தி என்று வரவு வைப்பது முதலாளிகள் காலங்காலமாகச் செய்துவரும் கணக்குப் பிழை.

27.2.1908. கோரல் மில்லில் வேலைநிறுத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே வந்துவிட்டார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற லீவு வசதிகள். இவைதான் கோரிக்கைகள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். 'இரண்டு கலகக்காரர்கள் தூண்டிவிட்டார்கள்' என்பதுதான் கலெக்டர் விஞ்ச், ஜாயின்ட் மாஜிஸ்திரேட் ஆஷ் ஆகியோரின் பார்வை. என் பழைய மேனேஜர் சொன்ன அதே வரி... 'அவன் சுபாவமே அப்படி!'

வ.உ.சி.யின் சுபாவம் அப்படித்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். ஊரில் வக்கீலாக இருந்தபோது ஏழைகளுக்காக வாதாடி, போலீஸ்காரர்களையே எதிர்த்து வழக்கு நடத்தி, அதிகாரிகளின் கோபத்தைச் சம்பாதித்தவர். விபரீதமாக ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று பயந்த அப்பா, 1900-ல் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். இடத்தை மாற்றினால் குணம் மாறிவிடும் என்று நினைத்த அப்பாக்களில் அவரும் ஒருவர். மகன் தூத்துக்குடிக்கு வந்து செய்த காரியம், 1906-ல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனியே ஆரம்பித்தது!

கோரல் மில்லில் அவருக்கு என்ன வேலை சொல்லுங்கள்? அங்கே அவர் நூல் நூற்கவில்லை. அவர் கூலியை யாரும் குறைக்கவில்லை. அவர் முதுகில் யாரும் அடிக்கவில்லை. சொல்லப்போனால் அவரே ஒரு கம்பெனிக்காரர். ஷேர் விற்று, கப்பல் வாங்கி, ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். முதலாளிகளோடு உட்காரவேண்டிய நாற்காலி அது. தூத்துக்குடிக் கடற்கரையில் இரைந்து பேச வந்தவருக்கு அந்தத் தொழிலாளிகளின் அடி வலித்தது. ஷ்மிட் சொன்ன இரண்டாவது ரகம்.

சிவாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வாயைத் திறந்தால் நெருப்பு.

சரி, இந்த இருவரின் சுபாவம்தான் வேலைநிறுத்தத்துக்குக் காரணமா? இப்படி யோசித்துப் பாருங்கள். கோபக்காரர் இரண்டு பேர் வெறும் சுபாவத்தால் சத்தம் போட்டிருந்தால், மிஞ்சிப்போனால் நூறு பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அன்றாடக் கூலியை நம்பிப் பிழைக்கிறவர்கள், ஒரே நாளில் வெளியே வருவதென்றால்? அத்தனை பேரும் ஒரே சுபாவக்காரர்களாக இருக்க முடியுமா? இணங்கிப்போகிற ஆசாமி, பயந்த ஆசாமி, 'தீபாவளிக்கு ஆச்சு' ஆசாமி... எல்லா ரகமும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும். யார் முதலில் கேட்பது என்பதை வேண்டுமானால் சுபாவம் முடிவு செய்யலாம். அவன் பின்னால் எத்தனை பேர் போவார்கள் என்பது மில்லுக்குள் நடந்ததைப் பொறுத்தது.

மில்லுக்கு வெளியே இருந்தவர்கள் செய்ததுதான் சுவாரஸ்யம். ஊர் சேர்ந்துகொண்டது. பணம் வசூலானது, சாப்பாடு போட்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு எதிராக இருந்தவர்களின் துணியை வண்ணார்கள் வெளுக்க மறுத்தார்கள். ஒரு வக்கீல் கதை அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். சவரத்துக்கு உட்கார்ந்த வக்கீல், வேலைநிறுத்தத்தைப் பற்றி எதிராக ஏதோ சொல்லிவிட்டாராம். நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்! ஒரு பக்கம் மழமழ, ஒரு பக்கம் தாடி. வேறு நாவிதர் யாரும் மீதியை முடித்துவைக்க முன்வரவில்லை.

அந்த நாவிதருக்கு மில்லில் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அநியாயத்தைப் பார்த்துக் கொதிக்கிற சுபாவம் வக்கீல் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஒன்பது நாள். மார்ச் 6-ம் தேதி மில் தரப்பிலிருந்து ஆள் வந்தது. பேசலாம் என்றார்கள். கவனியுங்கள்... வ.உ.சி. தனியாகப் போகவில்லை. ஐம்பது தொழிலாளிகளையும் கூட அழைத்துக்கொண்டு போனார். முந்தின வாரம்வரை தாமதமாக வந்ததற்கு அடி வாங்கியவர்கள், இப்போது மேனேஜர் அறையில் நின்று பேச்சைக் கேட்கிறார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. இந்த மூன்றையும் எல்லாப் புத்தகமும் எழுதிவிட்டது. எனக்கு அந்த ஐம்பது பேர்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். குவியலைப் பிரிக்கிற இடத்தில் மூழ்கினவனும் நின்ற மாதிரி! விளைவு, அக்கம்பக்கத்து ஐரோப்பியக் கம்பெனிகளும் கேட்காமலே கூலியை உயர்த்தின.

வெற்றிக்கு ஆயுள் ஒரு வாரம்கூட இல்லை. மார்ச் 12-ல் வ.உ.சி., சிவா கைது. 13-ம் தேதி திருநெல்வேலி பற்றியெரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் ஆட்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலி, லீவு என்று எதுவுமே கேட்கவில்லை. அதெல்லாம் கைக்கு வந்தாகிவிட்டது. தங்களுக்காக உள்ளே போன மனிதருக்காக நின்றார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் 'தனக்கு நடந்தால் கொதிக்கிற' ரகமாக இருந்தவர்கள், அடுத்தவனுக்காகக் கொதிக்கிற ரகமாக மாறிவிட்டார்கள். சுபாவம் மாறவே மாறாது என்று பரீட்சை வைத்துச் சொல்கிற ஆராய்ச்சியாளர்களை அந்த வாரம் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கவேண்டும்.

நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அரிசிக் கடை, மண்ணெண்ணெய்க் கடை என்று என்னென்னவோ செய்து பார்த்தார்.

அந்தக் கஷ்டத்தில் ஒரு சம்பவம். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகப் பணம் சேர்த்து காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அது கைக்கு வரவில்லை. 1915-ல் சென்னையில் காந்தியைச் சந்தித்தது முதல் இருவருக்கும் கடிதங்கள் போய் வந்தன. யார் கொடுத்தார்கள், எவ்வளவு என்ற விவரம் காந்திக்கு நினைவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார். இங்கே அடுத்த வேளைக்கு வழியில்லை. கடைசியில் 1916-ல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களையெல்லாம் தேடியெடுத்து வெளியே கொண்டுவந்தார். ஹார்வி மில்லோடும் கலெக்டரோடும் மோதிய அந்த மனிதர், தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்கும்போது கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் இல்லை. மரியாதையாக, பொறுமையாகக் கேட்கிறார். எதிர்ப்பக்கமும் மரியாதையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. பறிபோன சன்னது பல வருஷங்கள் கழித்து அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கிடைக்கச் செய்தவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. பெயர் ஈ.ஹெச்.வாலஸ். திருநெல்வேலியில் அதிகாரியாக இருந்த காலத்திலேயே வ.உ.சி.யை அறிந்தவர். சன்னது கிடைத்ததும் கோவில்பட்டியில் மறுபடி கறுப்பு அங்கியை மாட்டினார் வ.உ.சி.

வாழ்நாளின் பெரும்பகுதியை வெள்ளைக்காரனை எதிர்த்தே செலவழித்தவர், தன் கடைசி மகனுக்கு வைத்த பெயர்... வாலேஸ்வரன்.